மரபணு மாற்றப்பட்ட உணவும் கட்டாய லேபிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபணு மாற்றப்பட்ட உணவுக்கு லேபிள் வேண்டும் என்று பேச ஆரம்பித்தால், கூட்டத்திலும் சரி, வாட்ஸ்அப்பிலும் சரி, வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சுருக்கத்துக்காக 'ஜிஎம்' என்றே எழுதுகிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. விஷயம் தெரிந்தவர்கள் நேராகச் சதவீதக் கணக்குக்குப் போய்விடலாம்.

ஜிஎம்னா என்ன? ஹைபிரிட், ஒட்டுரகம் எல்லாமே ஜிஎம் தானே?

இல்லை. ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கை மூலம் கலந்து எடுப்பது. ஒட்டுக்கட்டுவது ஒரு செடியின் அடித்தண்டில் இன்னொன்றின் கிளையைப் பொருத்துவது. ஜிஎம்மில் நடப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட மரபணுவை, பெரும்பாலும் வேறோர் உயிரியிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் செடியின் டிஎன்ஏவுக்குள் செருகுகிறார்கள். 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவை மக்காச்சோளத்தில் வைத்தால், தன்னைத் தின்ன வரும் புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும். பி.டி. மக்காச்சோளம் என்பது இதுதான்.

விதையில்லாத தர்பூசணியைக் காட்டி "இது ஜிஎம்" என்று சொல்லும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. அது குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்ட இரண்டு ரகங்களைக் கலந்து எடுப்பது. ஜிஎம் இல்லை.

எந்தெந்தச் சாப்பாட்டுப் பொருளில் இது இருக்கும்?

1994இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஃப்ளேவர் சேவர்' தக்காளிதான் கடைக்கு வந்த முதல் முழு ஜிஎம் உணவு. அது நிலைக்கவில்லை. 1996 முதல் பெரிய அளவில் வயலுக்கு வந்த சோயாவும் மக்காச்சோளமும் நிலைத்துவிட்டன. அமெரிக்காவில் இன்று இந்த இரண்டும் பயிராகும் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஜிஎம் ரகங்கள்தான். கனோலா (கடுகு இனத்து எண்ணெய் வித்து), பருத்தி, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட், பப்பாளி, சில உருளைக்கிழங்கு, ஆப்பிள் ரகங்கள், இளஞ்சிவப்புச் சதை கொண்ட அன்னாசி, சில ஆண்டுகள் விற்பனையில் இருந்த, வேகமாக வளரும் ஒரு சால்மன் மீன் என்று பட்டியல் நீளும். ஆனால் அது பலர் நினைப்பதைவிடச் சின்னப் பட்டியல்தான்.

காய்கறித் தட்டில் தேடினால் ஜிஎம் அதிகம் கிடைக்காது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். சோயா லெசித்தின், மால்டோடெக்ஸ்ட்ரின், கார்ன் சிரப், சோள மாவு, தாவர எண்ணெய், சோயா புரதம். இவை எந்தப் பயிரிலிருந்து வந்தன, எந்த நாட்டிலிருந்து வந்தன என்பதுதான் கேள்வி. லேபிள் சண்டை முழுக்க இந்த ஐந்தாறு பொருள்களைச் சுற்றித்தான் நடக்கிறது.

லேபிள் போடச் சொல்றாங்கன்னாலே ஏதோ ஆபத்து இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படி அர்த்தம் இல்லை. ஆபத்து நிரூபிக்கப்பட்டால் பொருளை விற்கவே விடமாட்டார்கள். லேபிளோடு விற்கச் சொல்ல மாட்டார்கள். கட்டாய லேபிள் உள்ள நாடுகளிலும் பாதுகாப்புச் சோதனை தனி, லேபிள் தனி. முதலாவதில் தேறிய பொருளுக்குத்தான் இரண்டாவது.

சந்தையில் உள்ள ஜிஎம் உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டில் தேறியவை, அவற்றால் உடல்நலத்துக்குக் கேடு வர வாய்ப்பு குறைவு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதே நிறுவனம், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும், ஒட்டுமொத்தமாக "ஜிஎம் எல்லாமே பாதுகாப்பு" என்று சொல்ல முடியாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பாதியை மட்டும் வெட்டி ஒட்டுபவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

பாதுகாப்புன்னு சொல்லிட்டா அப்புறம் லேபிள் எதுக்கு? சும்மா பயத்தைக் கிளப்பறதுக்கா?

ஜிஎம்மை ஆதரிப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்வி. ஆனால் பாக்கெட்டில் எழுதப்படும் எல்லாமே பாதுகாப்புக்காக எழுதப்படுவதில்லை. பழச்சாறு செறிவிலிருந்து தயாரித்ததா என்று எழுதச் சொல்கிறார்கள். கதிர்வீச்சால் பதப்படுத்திய உணவு பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகும், பல நாடுகளில் அதைப் பாக்கெட்டில் சொல்லியே ஆக வேண்டும். எப்படித் தயாரானது என்பது வாங்குபவருக்கு ஒரு தகவல்.

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று நாடாளுமன்றத்துக்கு எழுதினார்: பாதுகாப்பு, தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், குரல் கேட்கப்படுதல். மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள் ஆனது இதனால்தான். 1985இல் ஐ.நா.வின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் வந்தன. இதில் கவனிக்க வேண்டியது, பாதுகாப்பும் தகவலும் தனித்தனி உரிமைகளாகவே எண்ணப்படுகின்றன என்பது. ஒன்றைக் கொடுத்துவிட்டோம், அதனால் இன்னொன்று தேவையில்லை என்று சொல்ல முடியாது.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இதை நேர்மையாகவே கையாண்டது. பொதுச் சுகாதாரக் காரணத்துக்காகக் கட்டாய லேபிள் தேவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் லேபிள் என்பது சமூக, பொருளாதாரத் தேர்வுகளையும் உள்ளடக்கியது, அதை அறிவியல் மட்டும் தீர்மானிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. எனக்கும் இதே கருத்துதான். பயமுறுத்தி லேபிள் கேட்பவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே பலவீனமாக்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு அலர்ஜி இருக்கு. ஜிஎம் லேபிள் இருந்தா எனக்கு உதவுமா?

நேரடியாக உதவாது. "ஜிஎம்" என்ற எழுத்து எந்தப் புரதம் உள்ளே இருக்கிறது என்று சொல்லாது. உங்களுக்குத் தேவை ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியல். அது பல நாடுகளில் தனிச் சட்டம்.

ஆனால் இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. பிரேசில் நட்டின் ஒரு புரதத்தைச் சோயாவில் வைத்துப் பார்த்தார்கள். நட்டு ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தம் அந்தச் சோயாவுக்கும் எதிர்வினை காட்டியது. 1996இல் அந்த முடிவுகள் வெளியாயின. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. சோதனை தன் வேலையைச் செய்தது என்று இதை வாசிக்கலாம். சோதனை ஏன் கட்டாயம் என்பதற்கு உதாரணமாகவும் வாசிக்கலாம்.

இன்னொன்று 2000இல் நடந்தது. 'ஸ்டார்லிங்க்' என்ற மக்காச்சோளம் அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதில் உள்ள புரதம் ஒவ்வாமை தருமா என்பது தீராமல் இருந்தது. அது 'டாக்கோ' என்ற மெக்சிகோ உணவுக்கான மொறுமொறு சோள ரொட்டிகளில் கண்டுபிடிக்கப்பட்டு, ஏராளமான பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. உடல்நலக் குறைவு என்று புகார் சொன்னவர்களைச் சோதித்ததில், அந்தப் புரதத்தால் ஒவ்வாமை வந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தீவனத்துக்கான சோளம் எங்கே, எப்படி மனித உணவில் கலந்தது என்று தேடுவதே பெரும்பாடானது. வயலிலிருந்து பாக்கெட் வரை தடம் பிடிக்கும் பதிவேடு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எந்த நாட்டிலெல்லாம் லேபிள் கட்டாயம்?

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. எல்லாவற்றிலும் கறாரானது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே 2003இல் இரண்டு விதிமுறைகள் இயற்றப்பட்டு 2004 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் மூன்றும் 2001இலேயே தொடங்கின. பிரேசிலில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் எழுத்தாகக் குறி போடுகிறார்கள். இந்தியாவில் 2013 முதல், பொட்டலப் பொருள் விதிகளின்படி ஜிஎம் உணவின் பாக்கெட் முகப்பில் மேல்பக்கம் 'ஜிஎம்' என்று இருக்க வேண்டும். கனடாவில் இன்றும் லேபிள் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. 2017இல் ஜிஎம் சால்மன் மீன் அங்கே விற்பனைக்கு வந்தபோது வாங்கியவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

அமெரிக்கா நெடுநாள் மறுத்தது. 1992 கொள்கையின்படி, பொருளின் தன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால்தான் லேபிள். தயாரித்த முறைக்காக லேபிள் இல்லை. 2016 ஜூலையில்தான் அங்கே தேசியச் சட்டம் வந்தது. 2022 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அதில் 'பயோஎன்ஜினியர்டு' என்ற சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். மக்களுக்குப் பழகிய 'ஜிஎம்ஓ' (மரபணு மாற்றப்பட்ட உயிரி) அந்தச் சின்னத்தில் இல்லை.

"கட்டாயம்" என்ற ஒரே சொல்லை வைத்து இவற்றை ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். விதிவிலக்குகளில்தான் விஷயமே இருக்கிறது. அடுத்த நான்கு கேள்விகளும் அதைப் பற்றியவை.

0.9, 1, 5 சதவீதம்னு சொல்றாங்களே, அவ்வளவு வரைக்கும் கலந்துக்கலாம்னு அனுமதியா?

இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களே அதிகம். இந்த வரம்பு தற்செயலாக, தவிர்க்க முடியாமல் சேர்ந்ததற்கு மட்டும். ஒரே லாரி, ஒரே குதிர், ஒரே அரவை இயந்திரம் என்று பயிர்கள் பயணம் செய்யும்போது கொஞ்சம் கலந்துவிடும். தெரிந்தே ஜிஎம் மாவைச் சேர்த்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்திலோ அமெரிக்காவிலோ இந்த வரம்பைக் காட்டித் தப்ப முடியாது.

அடுத்தது, எதில் எத்தனை சதவீதம்? மொத்த உணவில் இல்லை, ஒவ்வொரு உட்பொருளிலும். 1,000 கிராம் பிஸ்கட்டில் 20 கிராம் சோயா மாவு இருக்கிறது என்று வையுங்கள். ஐரோப்பாவின் 0.9 சதவீதம் அந்த 20 கிராமுக்குத்தான்: 0.18 கிராம். அமெரிக்காவின் 5 சதவீதத்தில் 1 கிராம். இதையே மொத்த பிஸ்கட்டுக்குக் கணக்கிட்டிருந்தால் 0.9 சதவீதமே 9 கிராம் ஆகியிருக்கும். அதாவது சோயா மாவில் கிட்டத்தட்டப் பாதி ஜிஎம்மாக இருந்தாலும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டின் விதியைப் படிக்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் 'எதில்' என்று பாருங்கள்.

ஜப்பானில் இன்னொரு படி உண்டு. எடையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, மொத்தத்தில் 5 சதவீதமாவது இருக்கும் உட்பொருளுக்குத்தான் கட்டாய லேபிள் பொருந்தும். நம் கணக்கில் சோயா மாவு 2 சதவீதம்தான். முழுக்க ஜிஎம்மாக இருந்தாலும் அந்த பிஸ்கட்டில் எதுவும் எழுத வேண்டியதில்லை.

சோயா எண்ணெய் பாட்டிலில் எதுவுமே போடலையே? சோயா தானே ஜிஎம்?

கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது. எல்லா விவாதத்தையும் இந்த ஒரு பாட்டிலில் அடைத்துவிடலாம்.

எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது டிஎன்ஏவும் புரதமும் ஏறக்குறைய முழுக்க நீங்கிவிடும். மிஞ்சுவது கொழுப்பு. ஜிஎம் சோயா எண்ணெயையும் சாதாரண சோயா எண்ணெயையும் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்தால் பெரும்பாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரைக்கும் இதே கதை. "பொருளில் இல்லாததை லேபிளில் எப்படி எழுதுவது?" என்பது ஒரு கட்சி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் இந்தப் பக்கம். அமெரிக்காவின் 2018 விதிகளும், மாற்றப்பட்ட மரபணுப் பொருள் கண்டறிய முடியாத அளவுக்குச் சுத்திகரித்தவற்றை விட்டுவிட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் மறுபக்கம் நிற்கிறது. அங்கே கேள்வி பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதல்ல, எதிலிருந்து வந்தது என்பது. ஜிஎம் சோயாவிலிருந்து வந்த எண்ணெய் என்றால், ஒரு துளி டிஎன்ஏ இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். பரிசோதனையில் பிடிபடாததை எப்படிச் சரிபார்ப்பது? காகிதத்தில். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்தப் பதிவை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். என் பார்வையில், தகவல் உரிமை என்று பேசினால் ஐரோப்பிய வழிதான் பொருந்துகிறது. லேபிள் கேட்பவர்களில் பலருக்கு அக்கறை பயிர் எப்படி விளைந்தது, விதை யாருடையது, என்ன களைக்கொல்லி தெளித்தார்கள் என்பதில். அந்தக் கேள்விகளை எண்ணெய் ஆலையில் வடிகட்ட முடியாது.

மாட்டுக்கு ஜிஎம் தீவனம் போட்டா பால்ல லேபிள் வேணாமா? சீஸ்?

பால், முட்டை, இறைச்சி எதற்கும் தீவனத்தை வைத்து லேபிள் கேட்பதில்லை. இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே மாதிரி. ஐரோப்பாவில் தீவன மூட்டையில் லேபிள் கட்டாயம். அதைத் தின்ற மாட்டின் பாலில் இல்லை. உலகின் ஜிஎம் சோயாவிலும் மக்காச்சோளத்திலும் பெரும்பங்கு போவது தீவனத்துக்குத்தான் என்பதால், இதுதான் எல்லா ஓட்டைகளிலும் பெரிய ஓட்டை. எண்ணெய்க்கு "எதிலிருந்து வந்தது" என்று கேட்ட ஐரோப்பா இங்கே மட்டும் அந்தக் கேள்வியை நிறுத்திக்கொண்டது. சில நாடுகளில் 'ஜிஎம் தீவனம் இல்லை' என்று விரும்பினால் எழுதிக்கொள்ள ஏற்பாடு உண்டு. ஜெர்மனி ஓர் உதாரணம்.

சீஸ் வேறு கதை. பாலைத் திரிக்க முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தினார்கள். 1990இல் மரபணு மாற்றிய நுண்ணுயிரியிலிருந்து எடுத்த, அதே வேலையைச் செய்யும் கைமோசின் என்ற நொதி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று ஏராளமான சீஸ் அதில்தான் தயாராகிறது. அது செயல்முறைக்கு உதவும் பொருள், உட்பொருள் அல்ல என்பதால் பொதுவாக லேபிளுக்குள் வராது. கன்றைக் கொல்லாமல் சீஸ் கிடைப்பதால் மரக்கறி உணவுக்காரர்கள் சிலர் இதையே விரும்புகிறார்கள் என்பது சுவாரசியமான முரண்.

ஹோட்டலில் சாப்பிட்டால்?

அமெரிக்கச் சட்டத்தில் உணவகங்களுக்கு முழு விலக்கு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சமைத்து உடனே சாப்பிடத் தருவதற்கு லேபிள் இல்லை. ஐரோப்பிய விதிகள் உணவகங்களுக்குப் போகும் சரக்குக்கும் பொருந்தும். ஆனால் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது வருவது நாட்டுக்கு நாடு மாறும். கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி.

பாக்கெட்டில் கியூஆர் கோடு மட்டும் இருக்கு. இது லேபிளா?

அமெரிக்கச் சட்டம் பல வழிகளைத் தந்தது: எழுத்து, சின்னம், ஸ்கேன் செய்யும் கோடு, குறுஞ்செய்தி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கம்பெனியின் விருப்பம். கடையில் நின்று, ஒரு கையில் கூடையும் இன்னொரு கையில் போனுமாக, சிக்னல் கிடைக்காத மூலையில், இருபது பொருளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்பவர் யார்? வேளாண் துறையே 2017இல் செய்யவைத்த ஆய்வில், பெரும்பாலானோர் தொழில்நுட்பச் சிக்கலில் மாட்டித் தடுமாறியது தெரிந்தது. 2022 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், இந்த ஏற்பாட்டை அத்துறை சரியாகக் கையாளவில்லை என்று தீர்ப்பளித்தது.

கூடுதல் விவரத்துக்குக் கோடு இருக்கட்டும், தப்பில்லை. அடிப்படைத் தகவலைக் கோட்டுக்குள் வைப்பது, சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், யாருக்கும் கேட்கவும் கூடாது என்கிற ஏற்பாடு.

பழத்து ஸ்டிக்கர்ல நம்பர் 8ல ஆரம்பிச்சா ஜிஎம்னு மெசேஜ் வந்துச்சே?

கடையில் அப்படி ஓர் எண்ணைப் பார்க்க மாட்டீர்கள். ஐந்து இலக்க எண்ணில் முன்னால் 8 வந்தால் ஜிஎம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்தார்கள். கடைகளில் அது பயன்பாட்டுக்கு வரவே இல்லை. 9இல் தொடங்கினால் இயற்கை விளைச்சல் என்பது சரி. ஆனால் அந்த ஸ்டிக்கர் எண்களே கடைக்காரர் கணக்குக்காக, சட்டக் கட்டாயம் இல்லை.

'நான்-ஜிஎம்ஓ'ன்னு உப்புல போட்டிருக்கான். உப்புல கூட ஜிஎம் வந்துடுச்சா?

உப்பில் மரபணுவே கிடையாது. தண்ணீரிலும் கிடையாது. இது வெறும் வியாபாரம். பக்கத்துப் பாக்கெட்டில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் எழுப்பிக் காசு பார்ப்பது. இப்படிப்பட்ட கோஷங்களையும் கட்டாய லேபிளையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சோயா, மக்காச்சோளம் போன்றவற்றில் இந்தக் கோஷத்துக்குப் பொருள் உண்டு, மூன்றாம் தரப்புச் சான்று இருந்தால். அங்கும் 'இல்லை' என்றால் சுத்தமாகப் பூஜ்யம் என்று அர்த்தமாகாது. சான்று தரும் அமைப்புகளுக்கும் வரம்புகள் உண்டு. ஜப்பான் மட்டும் 2023 ஏப்ரலில் கறாராக்கியது: சோதனையில் எதுவும் தென்படாவிட்டால்தான் 'ஜிஎம் இல்லை' என்று எழுதலாம். ஆர்கானிக் சான்று பெற்ற பொருளில் ஜிஎம் விதை, உட்பொருள் பயன்படுத்தத் தடை இருப்பதால், லேபிள் சட்டம் பலவீனமான நாடுகளில் அது ஒரு மாற்று வழி.

லேபிள் போட்டா விலை ஏறும்னு கம்பெனிகள் சொல்வது உண்மையா?

மை செலவு ஒன்றுமில்லை. பாக்கெட்டை அவர்கள் எப்படியும் அடிக்கடி மாற்றுகிறார்கள். செலவு எங்கே வருகிறது என்றால், ஜிஎம்மையும் மற்றதையும் தனித்தனியாகச் சேமித்து, சோதித்து, பதிவு வைப்பதில். அதுவும் லேபிளைத் தவிர்க்க நினைக்கும் கம்பெனிக்குத்தான் அதிகம். உட்பொருளை மாற்றாமல் 'ஜிஎம் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போகிறவருக்கு அவ்வளவு இல்லை.

உண்மையான பயம் விற்பனை விழும் என்பது. கலிஃபோர்னியாவில் 2012இல் லேபிளுக்கான வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்த்தரப்பு சுமார் 4.5 கோடி டாலர் செலவிட்டது. வாக்கெடுப்பு சொற்ப வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தெளிவில்லை. பிரிட்டனில் 1996இல் ஜிஎம் தக்காளி விழுதை டப்பாவில் வெளிப்படையாக எழுதியே விற்றார்கள்; நன்றாகவே விற்றது. சில ஆண்டு கழித்துப் பொதுக் கருத்து திரும்பியபோதுதான் அது கடைகளிலிருந்து மறைந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2016 ஜூலை 1 அன்று லேபிள் சட்டம் அமலுக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் தேசியச் சட்டம் அதை ரத்தாக்கிவிட்டது. அந்த அனுபவத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, லேபிள் வந்தபின் அங்கே ஜிஎம் மீதான எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்தது என்றது. ஒளிக்கிறார்கள் என்ற எண்ணம் போனாலே பாதிச் சந்தேகம் போய்விடுகிறது போல.

லேபிள் இல்லைன்னா ஜிஎம் இல்லைன்னு நம்பலாமா?

மேலே உள்ள ஓட்டைகளைப் படித்த பிறகு நீங்களே சொல்லிவிடலாம். சுத்திகரித்த எண்ணெய், தீவனம், நொதி, உணவகம், வரம்புக்குள் கலந்தது, சிறு உற்பத்தியாளர் விலக்கு. இத்தனை வழிகளில் லேபிள் இல்லாமல் வரலாம். 'லேபிள் இல்லை' என்றால் 'அந்த நாட்டுச் சட்டப்படி எழுதத் தேவையில்லை' என்று மட்டுமே பொருள்.

யாராவது பொய் சொன்னால் எப்படிப் பிடிப்பது?

மாதிரியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து பிசிஆர் சோதனை செய்கிறார்கள். பல ஜிஎம் பயிர்களில், செருகிய மரபணுவை இயக்க, காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டை வைத்திருப்பார்கள். முதலில் அதைத் தேடுவார்கள். கிடைத்தால், எந்த ரகம், எவ்வளவு என்று அடுத்த சுற்று. முதல் சுற்றோடு நிறுத்திவிட்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. முட்டைக்கோஸ் குடும்பச் செடியை அந்த வைரஸ் இயற்கையாகவே தாக்கியிருந்தாலும் அதே துண்டு தென்படும்.

கிரிஸ்பர்னு புதுசா வந்திருக்கே, அதுக்கும் லேபிள் உண்டா?

இன்றைக்குச் சிக்கலான கேள்வி இதுதான். கிரிஸ்பர் என்பது மரபணுவைத் திருத்தும் ஒரு கருவி. மரபணு திருத்தத்தில் வெளி மரபணு எதையும் விடாமல், இருக்கும் டிஎன்ஏவில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட முடியும். இறுதிச் செடியைப் பார்த்து, அது திருத்தத்தால் வந்ததா, இயற்கையாக நடந்த மாற்றமா என்று சொல்வது கடினம். மேலே சொன்ன பிசிஆர் முதல் சுற்றில் தேட அந்த வைரஸ் துண்டே இருக்காது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில், இதுவும் ஜிஎம் விதிகளுக்குள் வரும் என்றது. 2023இல் ஐரோப்பிய ஆணையமே, சாதாரண முறையிலும் உண்டாகக்கூடிய மாற்றங்களைக் கொண்ட செடிகளுக்குத் தளர்வு தரும் திட்டத்தை முன்வைத்தது. அமெரிக்கச் சட்டத்தின் வரையறையே, சாதாரண இனப்பெருக்க முறையில் கிடைக்கக்கூடிய மாற்றத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த திருத்தப்பட்ட தக்காளிக்குக் கட்டாய லேபிள் கிடையாது. எண்ணெய் பாட்டிலில் பார்த்த அதே வழக்குதான் இங்கும் திரும்பி வருகிறது: பொருளைப் பார்ப்பதா, வந்த வழியைப் பார்ப்பதா? வழிதான் என்றால் சோதனைக்கூடம் கைகொடுக்காது, பதிவேடு மட்டுமே கைகொடுக்கும். பதிவேடு இல்லாமல் லேபிள் மட்டும் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு நாடு கட்டாயமாக்கினால் உலக வர்த்தக விதிகள் தடுக்காதா?

அந்த மிரட்டல் நெடுநாள் இருந்தது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பில் ஏறத்தாழ இருபது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2011இல் ஓர் உரை ஏற்கப்பட்டது. நாடுகள் வெவ்வேறு லேபிள் முறைகளைப் பின்பற்றலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. லேபிள் போடும் நாடுகளுக்கு இது சின்னக் கவசம்.

சரி, நான் தனியாள். என்ன செய்ய முடியும்?

பாக்கெட்டின் பின்னால் இருக்கும் வாடிக்கையாளர் முகவரிக்கு எழுதுங்கள். "உங்கள் பொருளில் ஜிஎம் இருக்கிறதா?" என்று கேட்டால் "எல்லாச் சட்டங்களையும் பின்பற்றுகிறோம்" என்று ஒரு வரி வரும், அதோடு முடிந்துவிடும். அதனால் நழுவ முடியாதபடி கேளுங்கள்: இந்தப் பாக்கெட்டில் உள்ள சோயா லெசித்தின் எந்த நாட்டுச் சோயாவிலிருந்து வந்தது? சப்ளையரிடம் ஜிஎம் இல்லை என்ற சான்று வாங்கியிருக்கிறீர்களா? அந்தச் சான்று சோதனையின் பேரிலா, கொள்முதல் பதிவின் பேரிலா? எத்தனை சதவீத வரம்பு? தொகுதி எண்ணையும் தயாரித்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள், பாக்கெட்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். லேபிளுக்கும் பதிலுக்கும் முரண் இருந்தால், அதுதான் உங்கள் நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ நுகர்வோர் மன்றத்துக்கோ போகும் புகாரின் அடிப்படை. சந்தேகத்தை மட்டும் எழுதி அனுப்பிய புகார் எடுபடுவது அரிது. கம்பெனியே எழுதிக் கொடுத்த பதிலை இணைத்த புகாரை அவ்வளவு சுலபமாக ஓரம் கட்ட முடியாது. அப்புறம், விதிகளின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது எழுதுங்கள். "லேபிள் வேண்டும்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, "சுத்திகரித்த எண்ணெயை விலக்கும் இந்தப் பிரிவை நீக்குங்கள், வரம்பை ஒவ்வொரு உட்பொருளுக்கும் கணக்கிடுங்கள்" என்று பிரிவு எண்ணோடு எழுதுவது நல்லது. அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருப்பது அப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான்.